சுழன்ற டேப்பட்டும் நின்ற டேப்பட்டும்

என் மேசைமேல் இரண்டு டேப்பட்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இடப்பக்கம் இருப்பது 1984ஆம் ஆண்டு அம்பாசடரிலிருந்து வெளியே வந்தது. 1,60,000 கிலோமீட்டருக்குமேல் ஓடியது. வலப்பக்கம் இருப்பது அதே எஞ்சினில் அதன் இடத்தில் போட்ட புதியது. ஓடியது 2,300 கிலோமீட்டர். முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்து எது பழையது என்று கேட்டால், தயங்காமல் வலப்பக்கத்தைக் காட்டுவார்.

பழையதன் அடிமுகத்தில் வளையத்துக்குள் வளையமாக மெல்லிய கோடுகள். வெளிச்சத்தில் சாய்த்தால் இசைத்தட்டு மாதிரி மின்னும். விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. புதியதன் முகத்திலோ குறுக்கே ஒரு பட்டை, ஓரத்திலிருந்து ஓரம்வரை. அந்தப் பட்டை நெடுக ஒரு பள்ளம், வருஷக்கணக்கில் அரிவாள் தீட்டிய கல்லில் விழுமே, அந்த மாதிரி. அதன்மேல் இரும்பு அடிமட்டத்தை நிறுத்தி, நடுவில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். 12 தவு தகடு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு கனமுள்ளது, தடையில்லாமல் போய் வந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "அந்தக் காலத்து இரும்பு வேறங்க." ஒரு மாதம் நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள்கணக்காகப் பார்த்தபிறகுதான், இரும்பின்மேல் போட்ட பழியில் பாதிக்குமேல் வேறு யார் யாருக்கோ சேரவேண்டியது என்று புரிந்தது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பட்டறைகளில் டேப்பட் என்றால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி. 'டேப்பட் பாரு' என்றால் ஃபீலர் கேஜ் எடு என்று பொருள். 'டேப்பட் அடிக்குது' என்றால் சத்தம். உண்மையான டேப்பட், எஞ்சின் பிளாக்குக்குள் கேம் ஷாஃப்ட்டின்மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தூக்கிவிடுகிற கிண்ணம்போன்ற சின்னப் பொருள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அதை லிஃப்டர் என்பார்கள். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய முகம். பெயர் மேலே உள்ள இடைவெளிக்குப் போய்விட்டதால், கீழே உள்ள பொருளை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பலமுறை ஓவர்ஹால் செய்தவர்கள்கூட அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அம்பாசடரில் இருந்தது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின். 1489 சிசி, எட்டு வால்வு, எட்டு டேப்பட். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நமக்கு வந்தது. எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே குடும்பம்தான். அதனால், மாற்றுப் பாகமாக வாங்கிப் போட்ட டேப்பட் சில ஆயிரம் மைலிலேயே தேய்ந்துபோகிற புலம்பலை அம்பாசடர்காரர்கள் மட்டுமல்ல, பழைய எம்ஜியைப் போற்றி வைத்திருக்கும் பிரிட்டன்காரர்களும் அமெரிக்கர்களும் பாடுகிறார்கள்.

என் கதை எளிது. புகை அதிகம் என்று எஞ்சினை இறக்கினோம். போர் செய்தாயிற்று, பிஸ்டன் புதிது, கிராங்க் தீட்டியாயிற்று. பழைய டேப்பட் ஒன்றில் மிளகு நசுங்கிய அளவுக்கு ஒரு சிறு குழி. "எட்டையும் மாத்திரலாம்" என்றார் மெக்கானிக் அண்ணன். கேம் ஷாஃப்ட்டை? "கேமு நல்லாத்தான் இருக்கு தம்பி. அதை எதுக்குத் தொடோணும்?" காசு மிச்சம் என்று எனக்கும் மகிழ்ச்சி. கழற்றிய எட்டையும் பையன் ஒரு காப்பித்தூள் டப்பாவில் கொட்டினான். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்ற வரிசை அந்த நொடியிலேயே அழிந்தது. அதன் விலை அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஓடத் தொடங்கி 400 கிலோமீட்டரில் சத்தம். 15 தவுக்கு வைத்த இடைவெளி மூன்று வால்வுகளில் 19, 20 என்று இருந்தது. திரும்ப 15க்கு வைத்தோம். 900இல் அதே மூன்றில் மறுபடியும் விலகல். இங்கே ஒரு கவனிப்பு சொல்லவேண்டும். ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபிறகு பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வின் சீட் தேய்வது வழக்கமான நோய். ஆனால் சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும். கூடினால் தேய்வது கீழே, கேமும் டேப்பட்டும் உரசுகிற இடத்தில். ராக்கர் கையின் நீளக் கணக்கால், கீழே தேய்ந்தது மேலே சற்றுப் பெருக்கியே காட்டும். அதே ஃபீலர் கேஜ், எதிரெதிரான இரண்டு நோய்களை எதிரெதிர்த் திசையில் சொல்லிவிடுகிறது. நாங்கள் அதைக் கேட்காமல் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் தடவை மேனிஃபோல்டைக் கழற்றி, பிளாக்கின் பக்கவாட்டு மூடியைத் திறந்தபோதுதான் இந்த வலப்பக்கத்து டேப்பட் கைக்கு வந்தது.

இனி இரண்டின் முகத்துக்கு வருவோம். இந்த வகையைத் தட்டை டேப்பட் என்று அழைத்தாலும், முறைப்படி செய்யப்பட்டது தட்டை இல்லை. நடு, ஓரத்தைவிட 2 தவு அளவுக்கு உயர்ந்திருக்கும், அதாவது 0.05 மில்லிமீட்டர். தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. கேமின் மூக்கும் குறுக்குவாட்டில் சமமாக இல்லாமல் ஒரு தவு அளவுக்குச் சரிந்திருக்கும். டேப்பட்டின் மையமும் கேம் மூக்கின் மையமும் நேருக்கு நேர் இராமல் கொஞ்சம் விலகி இருக்கும். இந்த மூன்று கோணல்களும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழலவைக்கின்றன. கேம் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் முகத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. டேப்பட் தன் துளைக்குள் மெதுவாகத் திரும்புகிறது. அடுத்த அடி வேறோர் இடத்தில் விழுகிறது.

அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். அம்மியில் குழவி ஒரே தடத்தில் போய் வருகிறது. நடுவில் பள்ளம் விழுகிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிறது. அதுவும் தேயத்தான் செய்யும், ஆனால் சுற்றிலும் ஒரே சீராகத் தேயும். என் இடப்பக்கத்து டேப்பட்டின் வளையங்கள் ஆட்டுக்கல் தடம். வலப்பக்கத்துப் பட்டை அம்மித் தடம். அது சுழலவே இல்லை.

ஏன் சுழலவில்லை? சோதிக்க வழி உண்டு, செலவும் இல்லை. இரண்டு டேப்பட்டை முகத்தோடு முகம் ஒட்டிவைத்து மேலுள்ளதை விரலால் லேசாக அழுத்தினால், குமிழ் முகமாக இருந்தால் தள்ளாடும். பழையவற்றில் தேய்வு குறைந்த இரண்டை எடுத்து வைத்தேன். மிக மெல்லிய தள்ளாட்டம், ஆனால் கைக்குத் தெரிந்தது. பிறகு, அதே கடையில் அதே பெயரில்லாப் பெட்டியிலிருந்து ஓடாத புது ஜோடி ஒன்றை வாங்கிவந்து வைத்தேன். பூட்டுப் போட்டதுபோல் உட்கார்ந்தன. எண்ணெய்ப் பசை இருந்ததால் மேலதைத் தூக்கினால் கீழதும் கூடவே வந்தது. தட்டையாகவே கடைந்து, தட்டையாகவே பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பார்ப்பதற்குப் பழையதைவிடப் பளபளப்பு. தட்டை டேப்பட் என்ற பெயரை அந்த உற்பத்தியாளர் அப்படியே நம்பிவிட்டார் போலிருக்கிறது.

ஆனால் எட்டில் ஐந்து தப்பித்தனவே? அவையும் அதே பெட்டிதான். இங்கேதான் பழைய கேம் வருகிறது. 1,60,000 கிலோமீட்டர் ஓடிய கேமின் மூக்குகளில் சிலவற்றில் அந்த ஒரு தவு சரிவு இன்னும் மிச்சம் இருந்தது. சிலவற்றில் தேய்ந்து சமமாகிவிட்டது. சரிவு உள்ள மூக்கின்மேல் உட்கார்ந்த தட்டை டேப்பட் எப்படியோ திரும்பிக்கொண்டது. சமமான மூக்கின்மேல் உட்கார்ந்தது நின்றுவிட்டது. பழைய டேப்பட் மட்டும் அதே மூக்கின்மேல் எப்படி ஓடியது என்றால், இரண்டும் சேர்ந்தே தேய்ந்தவை. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தை அறியும். வரிசை கலைக்காமல் அட்டையில் எட்டுத் துளை போட்டு எண் எழுதி வைத்திருந்தால், குழி விழுந்த ஒன்றைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு, மற்ற ஏழையும் அததன் துளையிலேயே திரும்பப் போட்டிருக்கலாம். காப்பித்தூள் டப்பா அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டது.

சரி, இரும்பு? அதற்கும் நியாயம் செய்யவேண்டும். டேப்பட்டை வார்க்கும்போது அச்சின் அடியில் ஓர் உலோகத் தகடு இருக்கும். கொதிக்கும் இரும்பு அதன்மேல் பட்டதும் அந்த முகம் மட்டும் சட்டென்று குளிர்ந்து, வெள்ளை இரும்பாக, கார்பைடு நிறைந்து கண்ணாடிபோல் இறுகும். உடல் மெதுவாகக் குளிர்ந்து சாதாரணச் சாம்பல் இரும்பாக இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் வார்ப்படத் தொழிலில் இருக்கும் ஒரு நண்பர் இதை எனக்குச் சொன்னார். ராக்வெல் சி அளவில் 50க்கு மேலே இருந்தால்தான் அந்த முகம் வேலைக்கு ஆகும். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. புது அரம் ஒன்றை எடுத்து ஓரத்தில் ஒரு இழுப்பு. பழைய டேப்பட்டில் அரம் வழுக்கிக்கொண்டு போனது, கண்ணாடியில் நகம் படுவதுபோல் ஒரு சத்தம். தேய்ந்த புதியவை மூன்றில் இரண்டிலும் அதே வழுக்கல். மூன்றாவதில் மட்டும் அரம் கடித்தது, பொடி விழுந்தது. "இது ஒண்ணு மெதுவா இருக்குதுங்க. மத்த ரெண்டும் நல்ல சரக்குதான்" என்றார்.

ஆகவே மூன்று சாவுகளில் ஒன்றுக்குத்தான் இரும்பு காரணம். மற்ற இரண்டும் நல்ல இரும்பாயிருந்தும் வடிவம் தப்பியதால் செத்தவை. கடினம் மட்டும் போதாது என்று நண்பர் இன்னொன்றும் சொன்னார்: கேமின் இரும்பும் டேப்பட்டின் இரும்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற ஜாதியாக இருக்கவேண்டும். பொருந்தாத ஜோடி, இரண்டுமே தனித்தனியாக நல்லதாயிருந்தாலும், பிறாண்டிக்கொள்ளும். பெயரில்லாப் பெட்டியில் அந்தக் கணக்கு எழுதியிருப்பதில்லை.

அடுத்த பழி ஆயில்மேல். இதை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தோம், பாதி உண்மையை மட்டும். ஜிங்க் டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் என்று ஒரு சேர்மானம், பட்டறைச் சொல்லில் 'ஜிங்க்', 1940களிலிருந்தே எஞ்சின் ஆயிலில் உண்டு. அழுத்தமும் சூடும் சேரும் இடத்தில் சிதைந்து, இரும்பின்மேல் கண்ணாடிபோன்ற ஒரு பாஸ்பேட் படலமாகப் படியும். கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே கடைசிக் காவல் அதுதான். ஆனால் அதிலுள்ள பாஸ்பரஸ் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். அதனால் ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் ஆயில் தரங்களில் அதைப் படிப்படியாக வெட்டினார்கள். 1996இல் வந்த எஸ்ஜே தரத்தில் 0.10 சதவீதம், 2004இல் வந்த எஸ்எம் தரத்தில் 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு. அந்தக் காலத்தில்தான் அமெரிக்காவில் மறுசீரமைத்த பழைய வி8 எஞ்சின்களில் கேம்கள் முதல் வாரத்திலேயே தேய்ந்துபோவதாகக் கூக்குரல் எழுந்தது.

நம் ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த உச்சவரம்பு 10டபிள்யூ30, 5டபிள்யூ30 மாதிரியான மெல்லிய ஆயில்களுக்குத்தான். அம்பாசடரில் நாம் ஊற்றுவது பெரும்பாலும் 20டபிள்யூ50; இல்லையென்றால் லாரிக்கு வாங்கிய 15டபிள்யூ40. இரண்டும் அந்த வெட்டுக்குள் வராதவை. என் எஞ்சினில் ஊற்றியதும் 20டபிள்யூ50தான். 'புது ஆயிலில் சத்து இல்லை' என்ற வாதம் என் வலப்பக்கத்து டேப்பட்டைக் காப்பாற்றாது. புது மோஸ்தர் கார்களுக்கான மெல்லிய ஆயிலை வாங்கிப் பழைய எஞ்சினில் ஊற்றுகிறவருக்கு அந்த வாதம் முழுக்கப் பொருந்தும். பயந்துகொண்டு ஜிங்க் புட்டியை இஷ்டத்துக்குக் கவிழ்ப்பதும் நல்லதல்ல. அளவு மீறினால் அதுவே இரும்பை அரிக்கும்.

பழையதற்கும் புதியதற்கும் உண்மையில் மிகப்பெரிய வித்தியாசம் முதல் அரைமணி நேரம். என் எஞ்சினைப் பூட்டியதும் அண்ணன் அதை ஒரு பகல் முழுக்க ஐடிலில் ஓடவிட்டார். 'செட் ஆகட்டும்' என்ற நம்பிக்கை நம்மூரில் ஆழமாக வேரூன்றியது. குழந்தையை மெதுவாக நடைபழக்குகிற மாதிரி ஒரு கரிசனம். டேப்பட் விஷயத்தில் இது தலைகீழ். வேகம் ஏறும்போது வால்வு, ராக்கர், புஷ் ராட் எல்லாம் நகரும் உந்துதலில், கேம் மூக்கின்மேல் ஸ்ப்ரிங் அழுத்தம் குறைகிறது. ஐடிலில் அந்தத் தள்ளுபடி கிடையாது. ஸ்ப்ரிங்கின் முழு பாரமும் மூக்கின் நுனியில். அத்தோடு, கேமுக்குத் தனியாக ஆயில் குழாய் இல்லை. கிராங்க் வாரியடிக்கும் துளியும் மேலே ராக்கரிலிருந்து புஷ் ராட் வழியாக வடிவதும்தான் அதற்கு உணவு. மெதுவாகச் சுற்றினால் வாரியடிப்பதும் குறைவு. பாரம் உச்சத்தில், ஆயில் அடிமட்டத்தில், முகமோ இன்னும் பழகாதது. அந்தப் பகல் முழுக்க நாங்கள் டீ குடித்துக்கொண்டு, எஞ்சின் எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

தட்டை டேப்பட் எஞ்சினைக் கிளப்பியவுடனே 2,000 சுற்றுக்கு ஏற்றி, 20 நிமிடமாவது ஏற்றி இறக்கி ஓட்டவேண்டும். 2,000 சுற்று என்றால் கேமுக்கு 1,000. 20 நிமிடத்தில் ஒவ்வொரு டேப்பட்டும் 20,000 அடி வாங்கி முகம் பழகிவிடும். அமெரிக்காவில் இரட்டை ஸ்ப்ரிங் போட்ட எஞ்சின்களில் உள் ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு இந்த 20 நிமிடத்தை முடிப்பவர்கள் உண்டு. புது டேப்பட்மேல் வரும் மங்கிய கறுப்புப் பூச்சும் இதற்குத்தான், மாங்கனீஸ் பாஸ்பேட், ஆயிலைப் பிடித்துவைக்கும். அதை அழுக்கென்று நினைத்து எமரியில் தேய்த்துப் 'பளிச்'சென்று ஆக்கிய கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க வி8 பற்றிச் சொன்னதால் ஒன்று. அங்கே பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டர். முகம் தேய்ந்தால், உள்ளே உள்ள ஆயில் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். சத்தம் வராது. கார்புரேட்டரில் 'பட்' என்று தும்மும்வரை வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதற்குள் இரும்புப்பொடி பேரிங்வரை போயிருக்கும். நம்முடைய திட டேப்பட் வாயாடி; 5 தவு விலகியதும் அடிக்கத் தொடங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் அம்பாசடர்காரர் கொடுத்துவைத்தவர், காது கொடுத்தால். ஃபோர்டு 1985இலும் ஷெவர்லே 1987இலும் தங்கள் வி8களில் முகத்துக்குப் பதில் உருளை வைத்த ரோலர் லிஃப்டருக்கு மாறி, இந்தச் சிக்கலையே தாண்டிப் போய்விட்டார்கள். நமக்கு மாருதி 800 வந்தபோது கேமே தலைக்கு ஏறிவிட்டது.

இரண்டாம் தடவை கேமைச் சரிவோடு தீட்டித்தரும் இடத்தைத் தேடிப் பிடித்தோம். டேப்பட் வேறு இடத்தில் வாங்கினோம்; கடை மேசைமேலேயே இரண்டிரண்டாக முகம் ஒட்டி, தள்ளாடியதை மட்டும் எடுத்தோம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முகங்களில் மாலிப்டினம் பசை. பிளக்குகளைக் கழற்றி, ராக்கரில் ஆயில் தலைகாட்டும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றிவிட்டு, பிறகுதான் கிளப்பினோம். புஷ் ராட் எட்டிலும் தலைப்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி. டேப்பட் சுழன்றால் அதன்மேல் நிற்கும் புஷ் ராடும் சுழலும், புள்ளி நகரும்.

ராக்கர் மூடி இல்லாமல் ஓடவிட்டதில் சட்டையெல்லாம் ஆயில். ஏழு புள்ளிகள் மெதுவாக, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தில், சுற்றிவந்தன. ஐந்தாவது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நிறுத்துங்கண்ணே."

"ஒரு நிமிஷம்தானே தம்பி ஆச்சு, சூடாகட்டும்."

"நிறுத்துங்க."

மறுபடி மேனிஃபோல்டு, மறுபடி பக்க மூடி. முகத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. குற்றம் துளையில்: பழைய ஆயில் காய்ந்த பழுப்புப் படலம், வாய் ஓரத்தில் ஒரு சிறு பிசிர். ஆயில் தடவிய டேப்பட் தன் எடையாலேயே துளைக்குள் இறங்கவேண்டும் என்று பழைய பிஎம்சி மேனுவலிலேயே இருக்கிறது. இதை நாங்கள் கட்டைவிரலால் அழுத்தி இறக்கியிருந்தோம். அண்ணன் மண்ணெண்ணெயும் எமரியுமாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு டேப்பட்டைத் துளையின் வாயில் வைத்து விட்டார். அது தானே இறங்கியது. ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துவிட்டு, பசையை எடுத்துத் தடவினார்.

எட்டுப் புள்ளிகளும் சுற்றின. போன வாரம் 1,000 கிலோமீட்டர் முடிந்தது. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் ஒன்றைப் பார், ஏழு திறந்திருந்தால் இரண்டைப் பார் என்று ஒன்பது கணக்குப்படி எல்லாவற்றையும் அளந்தேன். ஏழு வால்வுகளில் 15 தவு, வைத்த இடத்திலேயே. ஐந்தாவதில் மட்டும் ஃபீலர் ஒரு நூல் தளர்வாக இழுபடுகிறது. 16 தகடு போகவில்லை.